தென்கிழக்குத் தூண்

நினைவுக் கூடத்து வாசலில் லாரி நின்றபோது மழை தூறலாகக் குறைந்திருந்தது. அண்டா, கரண்டி, அரிசி மூட்டை, நாப்பி மீன்விழுது டின், புளிச்சக்கீரைக் கட்டு, இவற்றோடு என்னையும் ஒரு சாமானாக ஏற்றி அனுப்பியிருந்தார்கள். குவான்தெங் கிராமத்தின்மேல் மலை சரிந்து விழுந்து ஒரு வருஷம் ஆகிறது, நினைவு நாள் வருகிறது. சமையல் என்றால் எங்கள் மோன் இனத்து நிவாரணக் கமிட்டிக்கு இந்த மி சான் ஞாபகம் வந்துவிடும். மேடையேறிப் பேச எத்தனையோ பேர் இருக்கிறார்கள், உலை வைக்க நான் ஒருத்திதான்.

கூடம் புத்தம் புதுசு. சிமெண்ட் சுவர், தகரக் கூரை, வழுவழுவென்று தரை. அதற்குப் பின்னால் மலை. பச்சை மலையின் நடுவில் ஒரு சிவப்புத் தழும்பு உச்சியிலிருந்து அடிவாரம் வரை இறங்கியிருக்கிறது. தழும்பின் அடியில்தான் பழைய ஊர் இருக்கிறது, ஆட்களோடு. பாதிப் பேரைத்தான் தோண்டி எடுக்க முடிந்தது. தப்பியவர்களுக்குக் கமிட்டி கட்டிக்கொடுத்த சின்னச் சின்ன வீடுகள் கூடத்துக்கு எதிரே வரிசையாக நிற்கின்றன.

உள்ளே போனேன். பெயிண்ட் வாசனை அடித்தது. அதற்கு அடியில் இன்னொரு வாசனை.

பச்சை மண். மழை பெய்ததும் வருமே, அந்த வாசனை இல்லை. ஆழத்திலிருந்து கிளம்பிய சேறு, அதோடு முறிந்த மூங்கிலும் அழுகின இலையும். போன வருஷம் புத்த மடத்து வாசலில் அடுப்பு மூட்டி, நாள்கணக்கில் இந்த நாற்றத்தில் நின்றுதான் சமைத்தேன். என் மூக்கு அதை மறக்காது. ஆனால் புதுத் தரையில் ஒரு பொட்டுச் சேறு இல்லை.

அப்புறம்தான் பார்த்தேன். மேடைக்குப் பக்கத்து மூலையில் கறுத்துப் போன ஒரு தேக்குத் தூண் நட்டிருந்தது. அதில் ஓர் ஆணி, ஆணியில் ஒரு மூடி போட்ட மூங்கில் கூடை. தூணுக்கு முன்னால் ஒரு ஜவுளிக்கடைப் பொம்மை. அதற்கு மடிப்புக் கலையாத பழைய சிவப்பு வேட்டி, வெள்ளைச் சட்டை, தலைப்பாகை. பொம்மையின் விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டி வார்த்தவை, அதனால் ஒரு மோதிரத்தை நூலில் கோத்து மணிக்கட்டில் கட்டியிருந்தார்கள். கீழே அட்டையில், 'மோன் வீரரின் பாரம்பரிய உடை, சேற்றிலிருந்து மீட்கப்பட்டது' என்று அழகான எழுத்தில் எழுதியிருந்தது.

அது எந்த வீரனுடைய உடையும் இல்லை. அது ஒரு வீட்டின் கலோக்குக்கு உரிய துணி.

எங்கள் பக்கத்துக் கிராமங்களில் குழந்தைக்கும் தெரியும். கலோக் என்பது வீட்டின் காவல். வீட்டின் தென்கிழக்குத் தூணில் கூடை கட்டி, அதில் அதன் துணியையும் மோதிரத்தையும் வைப்போம். மூத்த மகன்தான் அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அவனுக்குப் பின் அவன் மகன். துணி கிழிந்தாலோ கை மாறினாலோ வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் வரும், கண் போகும். அந்த வீட்டுக்குள் பொம்மை மட்டும் வரவே கூடாது. முகம் இருந்து உயிர் இல்லாத எதைக் கண்டாலும் அது போய் உட்கார்ந்துகொள்ளும். சின்ன வயதில் நான் கந்தல் துணியில் ஒரு பொம்மை செய்தபோது என் அம்மா அதை என் கண்முன்னாலேயே ஆற்றில் வீசினாள்.

இங்கே அதே துணியை எடுத்துப் பொம்மைக்கே உடுத்தி வைத்திருக்கிறார்கள். வாசல் எந்தப் பக்கம், சூரியன் எந்தப் பக்கம் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். தூண் நட்டிருந்த மூலை தென்கிழக்கு.

அவர்கள் இதை யோசித்துச் செய்யவில்லை. அந்த மூலையில் இடம் காலியாக இருந்தது, நட்டுவிட்டார்கள்.

கமிட்டித் தலைவர் நை சோய் கைகளைத் துடைத்துக்கொண்டே வந்தார். நான் வந்தால்தான் கமிட்டிக்கு உயிர் வருகிறது என்று வழக்கமான பாட்டைப் பாடினார். நான் பொம்மையைக் காட்டினேன். அந்தக் கூடையை எனக்குத் தெரியும், இந்த ஊரில் தப்பிய மி பகாவ் வீட்டுத் தூணில் பார்த்திருக்கிறேன்.

"தலைவரே, இது மி பகாவ் வீட்டுக் கலோக் துணி. கழட்டிக் கூடையில போட்டு அவகிட்டயே குடுத்துடுங்க. நல்லா இருக்காது."

அவர் கோபப்படவில்லை. அவருக்குக் கோபமே வராது, அதுதான் பெரிய தொல்லை. நை சோய் கெட்டவர் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அரசாங்கம் தடுத்திருந்த எங்கள் மோன் எழுத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்ததற்காகச் சிறையில் இருந்தவர். மலை சரிந்த அன்று மண்வெட்டி வரும்வரை காத்திராமல் கையாலேயே தோண்டினார். நகங்கள் பிய்ந்து போயின. ஆனால் பிறந்து வளர்ந்ததெல்லாம் மோல்மேன் டவுனில். அவர் தாத்தா காலத்திலேயே அந்தக் குடும்பம் கலோக்கை விட்டுவிட்டது. எங்கள் வரலாறு முழுக்க அவருக்குத் தெரியும், எங்கள் வீட்டுக்குள் என்ன இருக்கிறது என்பது தெரியாது.

சேற்றில் ஊரே போன இடத்தில் இந்தத் தூண் மட்டும் நேராக நின்றதையும், கூடை நனையாமல் இருந்ததையும் பூரிப்போடு சொன்னார். பிறகு என் தோளைத் தட்டினார். "வீட்டுக்கு ஒரு பேய், பேய்க்கு ஒரு சட்டம். இப்படிப் பிரிஞ்சு பிரிஞ்சுதான் நாம நாசமாப் போனோம் சான். இது இனி ஒரு வீட்டுச் சொத்து இல்ல. நம்ம இனத்துச் சொத்து."

நினைவு நாள் முடிந்ததும் தூண், கூடை, துணி எல்லாம் மோல்மேன் போகிறதாம், காட்சிக்கு வைக்க. வெளிநாட்டிலிருந்து நம் ஆட்கள் பார்க்க வருகிறார்களாம். நான் அடுப்பு மூட்டப் போனேன்.

கஞ்சி எடுத்துக்கொண்டு மி பகாவ் வீட்டுக்குப் போனேன். மலை சரிந்தபோது அவளுக்குக் கால் முறிந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து அவள் திரும்பி வருவதற்குள் தூணும் கூடையும் கமிட்டி கைக்குப் போய்விட்டன. அவள் குடும்பத்தில் மிஞ்சியது அவளும், அவள் அண்ணன் மகன் ரோனும்தான். அண்ணன் மெம் ஜாருவை எனக்கு நன்றாகத் தெரியும். ரப்பர் தோட்டத்து ஆள், வாய் நிறைய வெற்றிலை, வாய் ஓயாத கிண்டல். அவர் உடல் கிடைக்கவே இல்லை.

ரோன் பாயில் சுருண்டு கிடந்தான். ஆறு வயசு. கண் இரண்டும் சிவந்து வீங்கியிருந்தன. சாயங்காலம் ஆனால் காய்ச்சல் ஏறுகிறது, விடிந்தால் இறங்குகிறது, ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கூடுதலாக ஏறுகிறது என்றாள். கூடத்தில் பொம்மையை நிறுத்திய நாளிலிருந்து இப்படித்தான்.

"அது இவனைத் தேடுது அக்கா," என்றாள். "துணி ஒரு இடத்துல, வாரிசு ஒரு இடத்துல. எங்க உக்காரும் அது?"

அவளே போய்க் கூடையை எடுத்து வர முடியாது. அந்த வீட்டுப் பெண்கள் அதைத் தொடக் கூடாது. ஆண் என்றால் இந்தப் பொடியன் ஒருத்தன்தான். கமிட்டி ஆட்களே கொண்டுவந்து, அவன் தூங்கும் கூரையின் கீழே கட்டினால் போதும், அவன் பெரியவனாகும்வரை அது பொறுத்துக்கொள்ளும். இதை எத்தனையோ தடவை நை சோயிடம் கேட்டுவிட்டாளாம். ஒவ்வொரு தடவையும் அவர் மரியாதையாக உட்காரவைத்து, டீ கொடுத்து, இல்லை என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்.

மறுநாள் காலையில் கூடத்தைத் திறந்த இளைஞர் அணிப் பையன்கள் சத்தம் போட்டுச் சிரித்தார்கள். பொம்மை திரும்பி நின்றிருந்தது. வாசலைப் பார்த்து நிறுத்தியது, முதுகைக் காட்டிக்கொண்டு தூணைப் பார்த்து நின்றது. இவன் வேலை, அவன் வேலை என்று ஒருவரையொருவர் கை காட்டினார்கள். ஒருவன் பொம்மையின் காலைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

கணுக்கால் வரை சேறு. ஈரச் சேறு.

தரை சுத்தமாக இருந்தது.

துடைத்து, திருப்பி நிறுத்தினார்கள். யாரோ வேடிக்கை செய்கிறார்கள் என்று நை சோய் கதவுக்குப் புதுப் பூட்டு வாங்கிப் போட்டார். அடுத்த நாளும் அது தூணைத்தான் பார்த்தது. சேறு முழங்கால் வரை ஏறியிருந்தது.

அன்று சாயங்காலம் மழை கொட்டிக்கொண்டிருந்தது. விளக்கு வைக்கும் நேரம் ஆகவில்லை, ஆனாலும் இருட்டிவிட்டது. கரண்ட் போயிருந்தது. விருந்துக்கான தட்டுகளைக் கூடத்தின் பின்னறையில் அடுக்கியிருந்தார்கள், கழுவி வைக்க வேண்டுமே என்று சாவி வாங்கிக்கொண்டு போனேன். தகரக் கூரையில் மழை அடிக்கிற சத்தத்தில் என் காலடிச் சத்தம்கூட எனக்குக் கேட்கவில்லை. தட்டுகளை எடுத்துக்கொண்டு மேடைப் பக்கமாகத் திரும்பி வந்தேன்.

மழை சட்டென்று நின்றது.

நின்றது என்றால் வெளியே நிற்கவில்லை. ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன், கொட்டிக்கொண்டுதான் இருக்கிறது. எனக்குத்தான் சத்தம் கேட்கவில்லை. அந்த மௌனத்தில் இன்னொரு சத்தம் கேட்டது.

மர ஏணி.

யாரோ ஏணியடியில் பானைத் தண்ணீரை மொண்டு கால் கழுவுகிறார்கள். பிறகு முதல் படி கிறீச்சிட்டது. அடுத்த படி. எங்கள் வீடுகள் கால் ஊன்றி உயரமாக நிற்பவை, வயலிலிருந்து வருகிற ஆம்பிளை ஏறுகிற சத்தத்தைப் பிறந்ததிலிருந்து கேட்டிருக்கிறேன். அந்தக் கூடத்துக்கு ஏணி கிடையாது. தரையோடு கட்டிய சிமெண்ட் கட்டிடம்.

ஏறி முடித்தது. பலகைமேல் நடந்தது. பச்சை மண் வாசனை மூக்கை அடைத்தது. அதோடு வெற்றிலை வாசனை.

"ரோன்."

கிசுகிசுத்த குரல். ஆனால் எனக்குத் தெரிந்த குரல். ரப்பர் தோட்டத்துப் பாதையில் என்னைக் கிண்டல் செய்த குரல்.

"ரோன். ஏறி வா."

நான் பொம்மையைப் பார்க்கக் கூடாது என்று நினைத்தேன். பார்த்துவிட்டேன். மணிக்கட்டில் கட்டிய நூல் அறுந்து தொங்கியது. ஒட்டி வார்த்த விரல்களில் ஒன்று பிரிந்திருந்தது. மோதிரம் அதன் அடிவரை போய் உட்கார்ந்திருந்தது.

தட்டுகள் விழுந்து உருண்டதும் எனக்குத் தெரியாது, வெளியே ஓடியதும் தெரியாது. மழையில் நின்று மூச்சு வாங்கியபோதுதான் எதிரே பார்த்தேன். ரோன் வந்துகொண்டிருந்தான். வெறுங்காலோடு, வெறும் உடம்போடு, கண்களை மூடிக்கொண்டு, கூடத்தைப் பார்த்து நேராக நடந்து வந்தான். பின்னால் மி பகாவ் முறிந்த காலை இழுத்துக்கொண்டு ஓடி வந்தாள். இரண்டு பேருமாகப் பிடித்து நிறுத்தினோம். உடம்பு அடுப்புக் கல்லாகச் சுட்டது.

"விடு அத்தை. அப்பா கூப்பிடறாரு. ஏணி நனைஞ்சு கிடக்காம், பாத்து ஏறணுமாம்."

அவனை அப்படியே தூக்கிக்கொண்டு நை சோயிடம் போனோம். இந்தத் தடவை மி பகாவ் கெஞ்சவில்லை. தன் வீட்டுத் துணியைத் தரச் சொல்லி நேராகக் கேட்டாள். அவர் பையனின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துப் பதறிப் போனார். உடனே தன் காரை எடுத்து, மழையில் தானே ஓட்டி, டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். ரத்தம் எடுத்தார்கள், மருந்து ஏற்றினார்கள், டெங்கு இல்லை, மலேரியா இல்லை என்றார்கள். காய்ச்சல் அசையவில்லை. என்ன காய்ச்சல் என்று சொல்லத் தெரியாமல் திருப்பி அனுப்பினார்கள். துணியைப் பற்றி மட்டும் அவர் பேச்சே எடுக்கவில்லை.

"அவரு நல்லவரு அக்கா," என்றாள் மி பகாவ், பையனை மடியில் போட்டுக்கொண்டு. "கெட்டவரா இருந்தா திட்டிட்டாவது அழுதுருப்பேன்."

கொஞ்ச நேரம் கழித்து வேறொன்று கேட்டாள். ஆண் வாரிசு இல்லாத வீட்டில் கலோக்கை இன்னொரு வீட்டுக்கு மாற்றிக்கொடுப்பார்களே, அதை நான் பார்த்திருக்கிறேனா என்று.

ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறேன், பாவாடை கட்டின வயதில். கொடுக்கிறவர்கள் தூணுக்கு முன்னால் நின்று மூன்று முறை கேட்பார்கள். வாங்குகிறவன் நாலு பேர் முன்னால் மூன்று முறையும் ஏற்றுக்கொள்கிறேன் என்று சொல்ல வேண்டும். மூன்றாவது முறை சொன்னதோடு அது அந்த வீட்டுக் காவல். அவனை, அவன் பிள்ளையை, பேரனை எல்லாம் பிடித்துக்கொள்ளும். யாரும் வேண்டுமென்று வாங்க மாட்டார்கள். அன்றைக்கு வாங்கினவன்கூடக் குடிகாரன், மறுநாள் தெளிந்ததும் அழுதான்.

"கொடுத்தவங்களுக்கு?"

அதையும் சொன்னேன். கொடுத்த வீட்டை அது மறந்துவிடும். அந்த வீட்டில் செத்தவர்கள் எல்லாரும் அதன் பின்னால்தானே நிற்கிறார்கள், அவர்களும் கூடவே போய்விடுவார்கள். பிறகு சோறு வைத்துக் கூப்பிட்டாலும் வர மாட்டார்கள். யார் கூப்பிடுகிறார்கள் என்றே அவர்களுக்குத் தெரியாது.

மி பகாவ் ஈரத் துணியை மடித்துப் பையனின் கண்மேல் வைத்தாள்.

நினைவு நாளன்று கூடம் நிறைந்து வழிந்தது. ஆண்கள் எல்லாரும் சிவப்புக் கட்டம் போட்ட லுங்கி, வெள்ளைச் சட்டை. பெண்கள் சிவப்பில். பிக்குகளுக்கு அன்னமிட்டு, நீர் வார்த்து, செத்தவர்களுக்குப் புண்ணியம் பகிர்ந்தோம். மெம் ஜாருவின் பெயரையும் சேர்த்து எல்லாப் பெயர்களையும் வாசித்தார்கள். எல்லாம் முறையாகத்தான் நடந்தது. வெளியே அடை மழை. நான் பின்கதவு ஓரமாக நின்று குழம்பு அண்டாவையும் மேடையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நை சோய் பேச எழுந்தார். அவர் பேசினால் கல்லும் கேட்கும். மலை நம் வீடுகளைத் தின்றுவிட்டது, ஆனால் நம்மைத் தின்ன முடியவில்லை என்றார். இனிமேல் தனித்தனி வீடு கிடையாது, இந்தக் கூடம்தான் மோன் இனத்தின் ஒரே வீடு, நாம் எல்லாரும் இந்த வீட்டுப் பிள்ளைகள் என்றார். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. அடுத்து, எல்லாவற்றையும் இழந்த மி பகாவை இரண்டு வார்த்தை பேசக் கூப்பிட்டார்.

அவள் நொண்டிக்கொண்டே மேடைக்குப் போனாள். மைக்கை வாங்கிக்கொண்டு, அவரைத் தூணுக்குப் பக்கத்தில் வந்து நிற்கச் சொன்னாள். கேமரா வைத்திருந்தவர்களுக்குக் கொண்டாட்டம், முன்னால் நெருக்கியடித்து வந்தார்கள்.

"இந்தத் தூணை உங்க வீட்டுத் தூணா ஏத்துக்கறீங்களா தலைவரே?"

எனக்குக் கையிலிருந்த கரண்டி நழுவியது.

அவர் முகம் மலர்ந்தது. "ஏத்துக்கறேன்."

கைதட்டினார்கள். முன்வரிசையில் இருந்த கிராமத்துக் கிழவிகள் தட்டவில்லை. ஒருத்தி மேல்துணியால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இந்தத் துணிய உங்க வீட்டுத் துணியா ஏத்துக்கறீங்களா?"

"ஏத்துக்கறேன்." அவருக்குக் கண் கலங்கியிருந்தது. உண்மையாகவே கலங்கியிருந்தது.

மி பகாவ் மலையைப் பார்த்தாள். ஜன்னல் வழியே அந்தச் சிவப்புத் தழும்பு தெரிந்தது. கேட்காமல் விட்டுவிடுவாள் என்றுகூட எனக்குத் தோன்றியது. பிறகு கேட்டாள்.

"நீங்க, உங்க பிள்ளைங்க, அவங்களுக்குப் பொறக்கப்போறவங்க, எல்லாரும் இதுக்குக் கட்டுப்பட்டவங்கன்னு ஏத்துக்கறீங்களா?"

"நான், என் பிள்ளைங்க, பேரப்பிள்ளைங்க, எல்லாரும். ஏத்துக்கறேன்."

கூடை ஆடியது. காற்று இல்லை.

பொம்மையின் கையிலிருந்து மோதிரம் கழன்று விழுந்து, மேடையில் உருண்டு, அவர் காலில் முட்டி நின்றது. அவர் சிரித்தபடி குனிந்து எடுத்தார். கேமராக்களுக்குக் காட்டிவிட்டு விரலில் போட்டுக்கொண்டார்.

மி பகாவ் மைக்கைத் தாழ்த்திவிட்டாள், அதனால் அடுத்து அவள் சொன்னது முன்னால் நின்ற சிலருக்குத்தான் கேட்டது. "அப்ப எங்களுக்கும் அதுக்கும் இனி ஒண்ணும் இல்ல," என்றாள். படி இறங்கும்போது அவளுக்குக் கால் தடுமாறியது. நான் ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டேன்.

வீட்டுக்குப் போனோம். ரோன் பாயில் எழுந்து உட்கார்ந்திருந்தான். உடம்பு ஜில்லென்று இருந்தது, வேர்த்து ஊற்றியிருந்தது. கண்ணில் சிவப்பு இல்லை. என்ன குழம்பு என்று கேட்டான். நான் அழுதுவிட்டேன். மி பகாவ் அழவில்லை. அவன் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

பிறகு நடந்ததெல்லாம் ஊருக்கே தெரியும். சாமான்களை மோல்மேனுக்கு ஏற்றிக்கொண்டு நை சோய் கிளம்பினார். ஆற்றுப் பாலம் ஏறும்போது கண் தெரியவில்லை என்று கத்தியிருக்கிறார். லாரியைத் திருப்பினார்கள், கூடத்து வாசலுக்கு வந்ததும் கண் தெரிந்தது. மூன்று தடவை முயற்சி செய்தார்கள். மூன்று தடவையும் அதே பாலம். விரல் வீங்கியும் மோதிரம் கழலவில்லை. அடுத்த வாரம் தாய்லாந்திலிருந்து அவருடைய மூத்த மகன் போன் செய்தான். இறால் கம்பெனியில் வேலை செய்கிற பையன். சாயங்காலம் ஆனால் காய்ச்சல் வருகிறதாம். யாரோ ஏணியில் ஏறி வரச் சொல்கிறார்களாம்.

அவர் மி பகாவைப் பார்க்க வந்தபோது நானும் அங்கே இருந்தேன். வாசற்படியில் உட்கார்ந்தார், உள்ளே வர மறுத்துவிட்டார். மனிதர் பாதியாகியிருந்தார். அவள் டீ போட்டுக் கொடுத்தாள். அவர் டீயைத் தொடவில்லை.

"அது பேச்சும்மா," என்றார். "மேடைன்னா நாலு வார்த்தை அப்படித்தான் வரும். நான் பேச்சுக்குச் சொன்னேன்."

"அதுக்குப் பேச்சு தெரியாது தலைவரே. சொன்னா சொன்னதுதான்."

"திருப்பி எடுத்துக்கோ. உன் கால்ல விழறேன்."

"எடுத்துக்க முடிஞ்சா நான் எதுக்குக் கொடுக்கறேன்?" என்றாள். அவள் குரலில் வெற்றி ஒன்றும் இல்லை. "என் அண்ணனையும் சேத்துல்ல கொடுத்தேன்."

அவருக்கு அது புரிந்ததோ என்னவோ. டீ ஆறிப்போனபிறகு எழுந்து போனார். கூடத்துக்குள்ளேயே குடி வந்துவிட்டார். மகனையும் வரவழைத்துக்கொண்டார், கூரைக்குக் கீழே இருந்தால்தான் பையனுக்குக் காய்ச்சல் இறங்குகிறது. கமிட்டிக்கு வேறு தலைவர் வந்தாயிற்று. அடுத்த வருஷ நினைவு நாளை மடத்தில் வைத்துக்கொண்டார்கள். பேச்சுகளில் எங்கேயும் ஒரே வீடு என்ற வார்த்தை வரவில்லை. அந்த மனிதர் பிய்ந்த நகங்களோடு தோண்டி எடுத்தாரே, அதைச் சொல்லவும் ஆள் இல்லை. எனக்கு அதுவும் எரிச்சலாகத்தான் இருந்தது.

போன மாதம், நல்ல கோடை. மண்ணெல்லாம் வெடித்துக் கிடந்தது. மத்தியான வெயிலில் ரோனைப் பள்ளியிலிருந்து கூட்டிக்கொண்டு மி பகாவும் நானும் கூடத்துப் பாதையில் வந்தோம். வழக்கமாக அவள் சுற்றிப் போவாள், அன்று வெயில் தாங்காமல் குறுக்கே வந்துவிட்டோம். ரோன் எங்களுக்கு முன்னால் கல்லை உதைத்துக்கொண்டு போனவன், கூடத்து ஜன்னலைப் பார்த்ததும் நின்றான். முகமெல்லாம் சிரிப்பாகக் கையை ஆட்டினான்.

ஆட்டிக்கொண்டே இருந்தான். பிறகு கை மெதுவாக இறங்கியது.

மி பகாவ் போய் அவனை இழுத்து அணைத்துக்கொண்டாள். யாரைப் பார்த்தாய் என்று அவள் கேட்கவில்லை. அவனாகச் சொன்னான்.

"அப்பா நின்னாரு அத்தை. சிவப்பு வேட்டி கட்டிக்கிட்டு." உதட்டைக் கடித்துக்கொண்டான். "என்னைப் பாத்தாரு. நான் யாருன்னு அவருக்குத் தெரியல."

பிணங்களை வரிசையாகக் கிடத்தியபோது அழாதவள், அண்ணனுக்குச் சாம்பல்கூட இல்லை என்றபோது அழாதவள், அந்த வெயிலில் புழுதியில் உட்கார்ந்து அழுதாள். பையன் என்ன செய்வதென்று தெரியாமல் அவள் தலையைத் தடவிக்கொண்டிருந்தான்.

நான் ஜன்னலைப் பார்த்தேன். உள்பக்கக் கண்ணாடியில் ஒரு கை பதிந்த தடம். சேறு காயாமல் வழிந்துகொண்டிருந்தது. அதற்குப் பின்னால் இருட்டில் யாரோ திரும்பி நடந்தார்கள். நிதானமாக, வீட்டுக்காரன் நடக்கிற நடை.

பிறகு ஏணிப் படி கிறீச்சிட்டது.